சான் டியேகோ திருவிழாவில் நாங்கள் இருவரும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வெளிநாட்டு வாழ்க்கையில் வெற்றிப் படிகள்’. யோசித்துப் பார்த்தேன். படி என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. அதனால், அவருடைய அனுமதி இல்லாமலே, நானும் என் துணைவியாரும் 2023 ஜூலையில் போய் வந்த ஒரு திருவிழாவைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். என் துணைவியாரும் இந்தக் கல்லூரிதான். நான் பௌதிகம், அவள் தாவரவியல். இங்கே பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது, அவளைத் தெரியும். காரணம் பின்னால் வரும்.

திருவிழாவின் பெயர் காமிக்-கான். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் தென்கோடியில் சான் டியேகோ என்று ஒரு துறைமுக நகரம். அங்கே வருஷா வருஷம் ஜூலை மாதம் நடக்கிறது. படக்கதைகள், அறிவியல் கதைகள், சினிமா, தொலைக்காட்சித் தொடர்கள், பொம்மைகள், இவற்றின் மீது பைத்தியமாக இருக்கிறவர்கள் கூடும் கூட்டம். 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அதில் பலர் ஏதாவது ஒரு வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள். நம்ம பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போயிருக்கிறீர்கள். காளி, குறவன் குறத்தி, ராஜா, போலீஸ்காரர் என்று ஊரே வேஷம் கட்டி நிற்கும் அல்லவா? அதில் முத்தாரம்மனை எடுத்துவிட்டு, ஸ்பைடர்மேனை வைத்துக்கொள்ளுங்கள். நேர்த்திக்கடன் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுகூட இல்லை என்று பிறகு எனக்குத் தோன்றியது.

இது தொடங்கிய கதை நன்றாக இருக்கும். ஷெல் டார்ஃப் என்கிற ஒரு படக்கதை ரசிகரும் உள்ளூர் இளைஞர்கள் சிலரும் சேர்ந்து 1970 மார்ச் 21-ஆம் தேதி யு.எஸ். கிராண்ட் என்ற ஓட்டலில் ஒரு நாள் கூட்டம் போட்டுப் பார்த்தார்கள். நூறு பேர் சுமாருக்கு வந்தார்கள். அந்தத் தைரியத்தில் ஆகஸ்டில் மூன்று நாள் நடத்தினார்கள். முந்நூறு பேர். எழுத்தாளர் ரே பிராட்பரி வந்தார், ஓவியர் ஜாக் கிர்பி வந்தார். அந்த முந்நூறுதான் இன்றைக்கு இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. 1977-இல் ராபர்ட் ஹைன்லைன் என்ற எழுத்தாளர் விருந்தினராக வந்தபோது ரத்ததான முகாம் ஒன்று ஆரம்பித்தார்கள். அவர் பெயரில் அது இன்னமும் நடக்கிறது. நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கவனிக்கவும்.

நிற்க. நாங்கள் அங்கே போனது எங்கள் ஆசையால் அல்ல. எங்கள் மகள் செய்த வேலை அது. இந்தத் திருவிழாவுக்கு டிக்கெட் என்று கிடையாது. ‘பேட்ஜ்’ என்று ஓர் அட்டை. அதற்கு முன்கூட்டியே பெயரைப் பதிந்து, விற்பனை நாளன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். யாருக்கு எப்போது முறை வரும் என்பது குலுக்கல். முறை வந்தால் ஒருவர் மூன்று பேருக்கு வாங்கலாம். மகளுக்கு முறை வந்துவிட்டது. தனக்கும், எங்கள் இரண்டு பேருக்குமாக வெள்ளி, சனி இரண்டு நாளுக்கு வாங்கிவிட்டாள். “நீங்க ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டு இருக்கீங்கப்பா. வாங்க, போவோம்” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் வேலைக்கு வேறு ஊர் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்பது மின்சாரக் கட்டணம், மாத்திரை, குப்பை வண்டி வரும் நாள், இந்த மூன்றில் அடங்கிவிட்டது. சண்டை இல்லை. சண்டை போடக்கூட விஷயம் இல்லை.

அந்த வருஷம் பார்த்து ஹாலிவுட்டில் வேலைநிறுத்தம். எழுத்தாளர்கள் மே மாதமே நிறுத்திவிட்டார்கள். ஜூலை 14-ஆம் தேதி நடிகர் சங்கமும் சேர்ந்துகொண்டது. விழா ஜூலை 20 முதல் 23 வரை. வேலைநிறுத்தத்தின்போது நடிகர்கள் தங்கள் படத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பது விதி. ஆகவே நட்சத்திரம் ஒருவரும் வரவில்லை. பெரிய கம்பெனிகளில் பலவும் ஒதுங்கிக்கொண்டன. மகள் போன் பண்ணினாள். “ஆபீஸ்ல வேலை ஜாஸ்திப்பா. ஆக்டர்ஸும் யாரும் வரலை. நீங்களும் அம்மாவும் போய்ட்டு வாங்க.” அட்டையில் பெயர் இருப்பதால் வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

நான் வேண்டாம் என்றேன். வேஷம் கட்டுறதைப் பார்க்க இரண்டு மணி நேரம் கார் ஓட்டணுமா? என் துணைவியார்தான், “காசு கட்டியாச்சுல்ல, போவோம்” என்றாள். நான் வேண்டாம் என்றதும் முழு உண்மை அல்ல. அதைச் சொல்லிவிடுகிறேன்.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. கையில் இரும்புக்கை பொருத்திய ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் தெருவில் வாடகைக்குப் புத்தகம் விடும் கடையில் அதை எத்தனை தடவை எடுத்தேன் என்று கணக்கில்லை. சொந்தமாகவும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சேர்த்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மதிப்பெண் குறைந்ததும் அப்பா பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டார். அந்த மாயாவி உண்மையில் ‘வேலியண்ட்’ என்ற இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் 1962-இல் தொடங்கிய ‘ஸ்டீல் கிளா’ என்ற தொடர் என்பதும், பெரும்பகுதி வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் என்பதும் பிற்பாடு எனக்குத் தெரியும். சான் டியேகோவில் பழைய புத்தக வியாபாரிகள் வருவார்கள் என்பதும் தெரியும். ஆனால் அறுபத்து மூன்று வயசில், கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம் கழித்து, ‘எனக்கு மாயாவி புத்தகம் வேணும்’ என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. அதுதான் வெள்ளிக்கிழமை வந்த வினை.

மிஷன் வேலி என்ற பகுதியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். அங்கிருந்து சிவப்பு நிற டிராம் வண்டி நேராக விழா நடக்கும் மாநாட்டு மண்டப வாசலுக்கே போகிறது. காலையில் ஏறினால் எங்களுக்கு எதிரே டார்த் வேடர் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தூங்குகிறார். பக்கத்தில் பச்சைச் சாயம் பூசிய ஒரு பாட்டி. என் துணைவியார் என் காதில், “என்னங்க, நாமதான் இங்க வேஷம் போட்ட மாதிரி இருக்கோம்” என்றாள். அவள் சேலை கட்டியிருந்தாள். அன்றைக்கு மட்டும் ‘உங்களுடையது எந்தக் கதாபாத்திரம்?’ என்று நாலு பேர் கேட்டார்கள்.

உள்ளே போனால் தலை சுற்றும். கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு கூடங்களை ஒன்றாக்கி ஒரே மைதானமாக வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போவதற்குள் கால் ஓய்ந்துவிடும். அதற்கு அப்புறம் ‘எச்’ என்று ஓர் அரங்கம், ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நட்சத்திரங்கள் வரும் வருஷங்களில் அதில் இடம் பிடிக்க முதல் நாள் ராத்திரியே கடற்கரைப் புல்தரையில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்களாம். நம்மூரில் முதல் நாள் முதல் காட்சிக்கு நின்றவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வருஷம் நட்சத்திரங்கள் இல்லாததால் நேராக உள்ளே நடந்து போக முடிந்தது. ஏ.சி.யில் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்து விட்டு வந்தோம். மேடையில் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிந்தோம். தொலைந்துவிடுவோமோ என்ற பயம். நான் ஒரு திசையில் இழுக்கிறேன், அவள் மறு திசையில் நிற்கிறாள். எனக்கு நடுவில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்குப் போக வேண்டும். அவளோ தென்கோடியில், சின்னச் சின்ன மேஜை போட்டு ஓவியர்கள் உட்கார்ந்து படம் வரைந்து விற்கிறார்களே, அந்தச் சந்தில் நுழைந்து ஒவ்வொரு மேஜையாக நிற்கிறாள். “வா, வா, நேரமாச்சு” என்கிறேன். எதுக்கு நேரமாச்சு என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கடைசியில் இரண்டு பேரும் எதையும் பார்க்கவில்லை. அவளுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம்.

ராத்திரி லாட்ஜில் வந்து காலை நீட்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். “அந்தப் பட மேஜைகள்ல அப்படி என்ன இருக்கு? ஒண்ணும் வாங்கவும் இல்ல.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். “கல்யாணமான புதுசுல, மாச காலண்டர் பின்பக்கம் ஒரு செம்பருத்தி வரைஞ்சிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து பாத்துட்டு, ‘இதெல்லாம் எதுக்கு, அடுப்புல பால் பொங்குது பாரு’ன்னீங்க. அப்புறம் நான் வரையலை.”

நண்பர்களே, எனக்கு அது நினைவே இல்லை. பால் பொங்கியதும் நினைவில்லை, செம்பருத்தியும் நினைவில்லை. பொய் சொல்கிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் பார்த்தேன். முப்பத்தேழு வருஷமாக ஒருத்தி ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அதைச் சொன்னவனுக்கு அது தெரியாது.

இந்த இடத்தில் தாவரவியல் நண்பர்கள் தலையை ஆட்டுகிறீர்கள். உங்களுக்குத் தெரியும். அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரையாதவர்கள் அந்த வகுப்பில் யாரும் இல்லை. ஹெச்.பி. பென்சிலைச் சீவிச் சீவி, ஒரு செல் விடாமல் வரைவாள். எனக்கு அவள் பெயர் தெரிய வந்ததே அந்த நோட்டால்தான். என் அறைத் தோழன் ஒருவன் தாவரவியல். அவன் இரவல் வாங்கி வந்த நோட்டைப் புரட்டிவிட்டு, ‘யாருல இது?’ என்று கேட்டவன் நான். அந்தக் கையைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவன், பிறகு அந்தக் கைக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் டிராமில் ஏறும்போது அவளே சொன்னாள். “உங்களுக்கு எங்க போகணுமோ அங்க போங்க. நான் அந்த மேஜைகள் பக்கம் இருக்கேன். நாலு மணிக்கு மேல்மாடில கூடாரம் மாதிரி இருக்குல்ல, அங்க வந்துருங்க.” அந்த மண்டபத்தின் மேல்தளத்தில் பாய்மரம் விரித்தாற்போல வெள்ளைக் கூரை போட்ட ஓர் இடம் உண்டு. அடையாளத்துக்கு நல்லது. கூட்டத்தில் செல்போன் வேலை செய்வதில்லை.

நான் பழைய புத்தகக்காரர்களிடம் போனேன். பெட்டி பெட்டியாக, உறையில் போட்ட புத்தகங்கள். இங்கிலாந்துப் புத்தகம் யாரிடமும் இல்லை. ஒரு வயதான வியாபாரி, “மனைவியோடு வந்தீரா? மனைவி எங்கே?” என்று விசாரித்தார். சொன்னேன். அவர் ஒரு கதை சொன்னார். பிறகு நான் புத்தகங்களில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். 1969-இல் ‘சில்வர் சர்ஃபர்’ என்ற படக்கதையின் வாசகர் கடிதப் பகுதியில் வெண்டி என்ற பெண்ணின் கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் முகவரியோடு போடுவார்கள். எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் பினி என்ற மாணவர் அதைப் பார்த்து அவளுக்குக் கடிதம் எழுதினார். நம் காலத்துப் பேனா நட்பு மாதிரி. 1972-இல் கல்யாணம். 1978-இல் இரண்டு பேரும் சேர்ந்து ‘எல்ஃப்குவெஸ்ட்’ என்ற படக்கதையைச் சொந்தமாகவே பதிப்பிக்கத் தொடங்கினார்கள். வரைவது மனைவி. எழுத்தில் கைகொடுத்து, பதிப்பு வேலையைச் சுமந்தது கணவர். பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். வியாபாரி இதை எதற்குச் சொன்னார் என்று தெரியாது. பேச்சுத் துணைக்காக இருக்கலாம். எனக்கு மட்டும் பால் பொங்கிய வாசனை அடித்தது.

மாயாவி வேறு ஒரு கடையில் கிடைத்தார். பழைய பத்திரிகை அல்ல, இங்கிலாந்தில் புதிதாக அச்சிட்ட தொகுப்பு. அட்டையைத் திறந்தேன். அதே மின்சாரப் பொறி, அதே கை. ஆனால் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள்! எனக்கு மாயாவி தமிழ் பேசித்தான் பழக்கம். டப்பிங் படம் பார்த்தது போல இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

வழியில் கணவன் மனைவி ஒரு ஜோடி. என்னைவிட மூத்தவர்கள். 2009-இல் வந்த ‘அப்’ என்ற சித்திரப் படத்தில் வரும் தாத்தா பாட்டி வேஷம். தாத்தா கையில் ஒரு கொத்து பலூன், எல்லாம் துணியில் தைத்தது. தைக்க மூன்று மாதம் ஆனதாம். “உங்களுக்கு இதில் விருப்பமா?” என்று தாத்தாவைக் கேட்டேன். “எனக்கு மீன் பிடிப்பதுதான் விருப்பம். அவளும் மீன் பிடிக்க வருவாள்” என்றார். நேர்த்திக்கடன் பற்றி முதலில் சொன்னேனே, அது மாற்றிக்கொண்டது இங்கேதான்.

நாலு மணிக்குக் கூடாரத்துக்குப் போனேன். அவள் இல்லை. நாலரை. இல்லை. போன் போகவில்லை. ஐந்து மணிக்கு எனக்கு வியர்த்துவிட்டது. இறங்கித் தென்கோடிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. தோளால் இடித்துக்கொண்டு போனேன்.

ஓவியர் சந்தில் ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். காளான்களும் காட்டு விலங்குகளுமாக நீர்வண்ணப் படம் விற்கும் ஓர் அம்மையாரின் மேஜை. மேஜைக்குப் பின்னால் அவர் பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண்மணி குனிந்து வரைந்துகொண்டிருந்தார். சேலையைப் பார்த்த பிறகுதான் அது என் மனைவி என்று தெரிந்தது. முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது.

நடந்தது இதுதான். அவள் அரை மணி நேரமாக அங்கேயே நிற்பதைப் பார்த்து அந்த அம்மையார், “நீங்களும் வரைவீர்களா?” என்று கேட்டிருக்கிறார். “நாற்பது வருஷத்துக்கு முன்னால், செடிகளின் உள்பக்கம்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்துவிட்டார்.

அவள் வரைந்துகொண்டிருந்தது சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு. டி.எஸ். ஆஃப் டைகாட் ஸ்டெம்! ஓரத்தில் மேல்தோல், அதில் ரோமங்கள், உள்ளே புறணி, வட்டமாகச் சுற்றிவர சாற்றுக்குழாய்க் கற்றைகள், நடுவில் பித். ஞாபகத்திலிருந்தே வரைகிறாள். ஒவ்வொரு செல்லும் தனித்தனி. வேற்றுக்கிரகவாசி வேஷத்தில் ஒரு பத்து வயசுப் பையன் எக்கிப் பார்த்து, “இது எந்தக் கிரகம்?” என்று கேட்டான். “பூமிதான். ஒரு பூவோட காம்பு” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் நம்பவில்லை.

என்னைப் பார்த்ததும், “மணி நாலாயிருச்சா?” என்றாள். ஐந்தே முக்கால். நான் ஒன்றும் சொல்லவில்லை. “முடி, இருக்கேன்” என்றேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றேன். முக்கால் மணி நேரம். என் முப்பத்தேழு வருஷ இல்லறத்தில் அவள் ஒரு வேலையை முடிக்கும்வரை நான் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

படத்தை அந்த அம்மையார் கேட்டு வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ஒரு காளான் படம் கொடுத்தார். அது எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்குகிறது. சூரியகாந்தி அவர் வீட்டில்.

திரும்பும் டிராமில் என் பையிலிருந்து மாயாவியை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்தாள். “இதுக்காகவா நேத்து பூரா என்னை இழுத்துக்கிட்டு ஓடினீங்க? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்று சிரித்தாள். பிறகு, “கையை நல்லா வரைஞ்சிருக்கான். விரல் மடங்குற இடம் பாருங்க” என்றாள். அப்பா எடைக்குப் போட்ட கதையை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். மிஷன் வேலி வருவதற்குள் முடியவில்லை. லாட்ஜிலும் தொடர்ந்தது.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு தகவல். இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். இந்தியாவில் டில்லியில் 2011-இல் இதேபோன்ற விழா ஆரம்பித்தார்கள். சென்னையிலும் 2024 பிப்ரவரியில் வர்த்தக மையத்தில் முதன்முறையாக நடந்தது. சிவகாசியிலிருந்து மாயாவியும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார். போகிறவர்கள் நண்பர்களோடு போங்கள். ஆனால் அவரவர் கடையில் அவரவர் நில்லுங்கள். சந்திக்கிற இடத்தை மட்டும் முதலில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் துணைவியார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இதைச் சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய இறுதியாண்டு ரெக்கார்டு நோட்டை 1982-இல் ஒரு ஜூனியர் இரவல் வாங்கிக்கொண்டு போனார். பழுப்பு அட்டை, முதுகில் கறுப்புத் துணி ஒட்டியது. திரும்பி வரவில்லை. அந்த ஜூனியர் இந்த அரங்கத்தில் இருக்கலாம். கோபம் எதுவும் இல்லை, அபராதமும் இல்லை. தேநீர் இடைவேளையில் தாவரவியல் ஆய்வகத்தின் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம்.